ஏழு எண்ணும் நேரம்

வெண்கலம் எங்கே என்று கேட்டால் அந்த ஊரில் யாரும் பாத்திரக் கடையைக் காட்ட மாட்டார்கள். அவர் வீட்டைத்தான் காட்டுவார்கள். வெண்கலத் தொண்டை என்பது நாளாவட்டத்தில் சுருங்கி வெண்கலம் ஆகிவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்விடுவார். இருபத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் நேரம் கூவியவர். மின்சாரம் போய் ஒலிபெருக்கி செத்துக் கிடக்கிற நாளில்தான் அவர் அருமை தெரியும். மூன்றாவது நடைமேடையில் நின்று ஒரு குரல் கொடுத்தாரென்றால் கழிப்பறைக்குள் இருக்கிற பயணிகூட இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான்.

எந்தப் பேருந்து எங்கே போகும் என்று கூவிக்கொண்டிருந்த மனிதர், நாற்பத்தொன்றாம் வயதில், எந்த மனிதன் எங்கே போவான் என்று கூவ ஆரம்பித்தார். குடி அவரை அரித்துத் தின்றுகொண்டிருந்த காலம் அது. யாரோ கையில் திணித்த துண்டுப் பிரதியைப் போதை தெளிந்த ஒரு காலையில் படித்தார், சந்துக்குள் இருந்த சின்னச் சபைக்குப் போய் மண்டியிட்டார், எழுந்தபோது பாட்டிலைத் தொடாத மனிதராக எழுந்தார். இதில் கலப்படம் ஒன்றும் இல்லை. அவர் மனைவியைக் கேளுங்கள், சொல்லுவாள். அதற்குப் பிறகு ஒரு நாளும் குடித்ததில்லை, அவள்மேல் கை வைத்ததும் இல்லை. ஆகவே அவரைக் கேலி பேச வாய் துடிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அவர்மேல் கோபம் உண்டு. ஆனால் அந்தக் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சபை வண்டி கிளம்பும். கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, உள்ளே ஆம்ப்ளிஃபயர், ஓட்டுநர், போதகர், பாடுகிற பெண்கள் நாலு பேர், வெண்கலம். ஏதாவது ஒரு தெருமுனையில் நிறுத்துவார்கள். முதலில் பாட்டு, அப்புறம் பிரதி விநியோகம், கூட்டம் சேர்ந்ததும் வெண்கலம் மைக்கைப் பிடிப்பார். சூதாட்டக் கிளப், சாராயக் கடை, மணிக்கணக்கில் அறை வாடகைக்கு விடுகிற விடுதி, ஒன்றையும் விட்டுவைக்க மாட்டார். சில சமயம் அவற்றின் வாசலிலேயே அட்டையும் கையுமாக மறியல் நடக்கும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிரசங்கம் உச்சத்துக்குப் போகும்போது சட்டென்று நிறுத்திவிடுவார். மனதுக்குள் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணுவார். குண்டூசி விழுந்தால் கேட்கும். ஏழு முடிந்ததும் கை நீளும். “அதோ!” என்பார். அந்த விரல் எங்கே நீள்கிறதோ அங்கே அத்தனை தலையும் திரும்பும். “ஆவியானவர் அண்ணனுக்குக் காட்டுறார்” என்பார் போதகர். சபைக்காரர்கள் இதற்கு ‘ஏழு எண்ணுவது’ என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

இப்போது பச்சைக் கதவுக்கு வருகிறேன்.

கிடங்குத் தெரு என்று ஒன்று. மூட்டைகள் அடுக்குகிற கிடங்குகள் ஒரு பக்கம், பழைய ஓட்டு வீடுகள் மறு பக்கம். அதில் ஒரு வீட்டுக்குப் பச்சைக் கதவு. ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா தனியாகக் குடியிருந்தாள். புருஷன், பிள்ளை, யாரும் கிடையாது. வண்டியை நிறுத்திவிட்டு நின்றபோது வெண்கலம் ஒன்றைக் கவனித்தார். வேலை முடிகிற நேரத்துக்கு ஆண்கள் வந்தார்கள். சேர்ந்து வரவில்லை, ஒவ்வொருவராக வந்தார்கள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சட்டைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, பச்சைக் கதவைத் திறந்து உள்ளே போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே மாதிரி ஒவ்வொருவராக, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பின்சந்து வழியாக நழுவினார்கள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் நடந்தது. வெண்கலம் எதிர்த் தேநீர்க் கடைக்காரரிடம், “அது யார் வீடு?” என்று கேட்டார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை. கண்ணடித்தார்.

அவ்வளவுதான். அந்த ஒரு கண்ணடிப்பு போதுமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஏழு எண்ணினார். விரல் பச்சைக் கதவை நோக்கி நீண்டது. “அதோ! அந்தக் கதவு! அந்தக் கதவுக்குள்ள என்ன நடக்குதுன்னு கர்த்தர் எனக்குக் காட்டினார்! உங்க புருஷனைக் கேளுங்க அம்மா, சாயங்காலம் எங்க போறான்னு கேளுங்க!” தெருவே வாயைப் பிளந்தது. மூன்று வாரம் தொடர்ந்து மறியல். ‘பாவத்தின் வாசலை மூடு’ என்று வெண்கலமே தன் கைப்பட அட்டை எழுதி, கம்பில் அடித்து, வாசலுக்கு நேரே பிடித்தார். ஒரு காலையில் பார்த்தால் பச்சைக் கதவு முழுக்க யாரோ தார் பூசியிருந்தார்கள். சபைக்காரர்கள் பூசவில்லை. ஆனால் யாரும் வருத்தப்படவும் இல்லை.

மூன்றாவது வாரம் அந்த அம்மா வெளியே வந்தாள். படியில் நின்று கூட்டத்தைப் பார்த்தாள். கூட்டத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் சிலர் தலை குனிந்து நின்றார்கள். அவர்களையும் பார்த்தாள். பிறகு வெண்கலத்தைப் பார்த்து, சத்தம் போடாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

“ஐயா, நீங்க உள்ள வந்து பாத்தீங்களா?”

மைக் இருந்தது அவர் கையில். அவள் கேட்டது முன்வரிசைக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். வெண்கலம் அதன்மேல் இன்னும் பெரிய குரலைப் போட்டு மூடிவிட்டார். அன்றைக்குப் பேசினாரே ஒரு பேச்சு, அது போல முன்னும் பேசவில்லை, பின்னும் பேசவில்லை. ஓட்டுநர் அதை அப்படியே மெமரி கார்டில் பதிவு செய்துகொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் ஒரு வாரம் தவணை கொடுத்தார். அவள் காலி செய்துகொண்டு போகும்போது வெண்கலம் தெருமுனையில் நின்று பார்த்தார். இரண்டு பெட்டி, ஓர் அடுப்பு, கடைசியாகப் போர்வை சுற்றிய அகலமான பொருள் ஒன்று வண்டியில் ஏறியது. “கட்டிலைக் கட்டிக்கிட்டு ஓடிட்டா!” என்று அந்தச் சனிக்கிழமை மைக்கில் சொன்னார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார்.

இரண்டு வருடம் கழித்து அவர் தொண்டையில் கட்டி வந்தது. பேருந்து நிலையத்துப் புகையும், பழைய சிகரெட்டும், ஓயாத கத்தலும் சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டன. உயிர் வேண்டுமா குரல் வேண்டுமா என்று கேட்டார் மருத்துவர். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மூச்சு அதன் வழியாகத்தான் வரும், இருமலும் அதன் வழியாகத்தான். உடம்பு பாதியாக இளைத்துவிட்டது. தெரிந்தவர்களே உற்றுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார்கள். பேச வேண்டுமானால் ஒரு சிலேட்டும் குச்சியும். ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார் என்று அவர் தேற்றிக்கொண்டார். ஒரு செவ்வாய்க்கிழமை வரைக்கும் அந்தத் தேறுதல் தாங்கியது.

அன்றைக்குத் துளையைச் சுத்தம் செய்துகொள்ள மருத்துவமனைக்குப் போயிருந்தார். அறையை மாற்றியிருந்தார்கள். பெஞ்சில் பக்கத்தில் மணிக்கட்டில் கட்டுப்போட்டுக்கொண்டு ஒரு திடகாத்திரமான ஆள் உட்கார்ந்திருந்தார். கூட வந்தவர் அவரைப் பயில்வான் என்று கூப்பிட்டுவிட்டுப் போனார். வெண்கலம் சிலேட்டில் எழுதி நீட்டினார். பயில்வான் அதை மடியில் வைத்துக்கொண்டு, விரல் முட்டியால் ஒவ்வோர் எழுத்தையும் மெதுவாகத் தட்டினார்.

“எ... ட்... டா... ம். எட்டாம். அ... றை. எட்டாம் அறை எங்கே! அதோ, கடைசியில இருக்குங்க.” பரீட்சையில் தேறியவர் மாதிரி முகமெல்லாம் மலர்ச்சி.

வெண்கலத்துக்குச் சிரிப்பு வந்தது. ‘ஏன் தட்டுகிறீர்கள்?’ என்று எழுதினார்.

அதையும் தட்டித் தட்டிப் படித்துவிட்டுப் பயில்வான் வெட்கப்பட்டார். “பழக்கம்ங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த அம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுக் கதவைத் தட்டற மாதிரி எழுத்தைத் தட்டு, தானா திறக்கும்னு சொல்லுவாங்க. நாப்பத்தாறு வயசுல படிச்சேன். சிரிக்காதீங்க.”

‘எங்கே?’

“கிடங்குத் தெருவுல. பச்சைக் கதவு வீடு.”

வெண்கலத்தின் கழுத்துத் துணி உள்ளே இழுபட்டு, வெளியே வந்தது. பயில்வான் அதைக் கவனிக்கவில்லை. ஊமை மனிதரிடம் பேசுகிற சௌகரியத்தில் மனதைத் திறந்துவிட்டார்.

“பதினோரு பேரு போவோம்ங்க. எல்லாம் மூட்டை தூக்கறவங்க, காவல்காரங்க. சட்டைக்குள்ள நோட்டை மறைச்சுக்கிட்டுப் போவோம். எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு என் சம்சாரத்துக்கே தெரியாதுன்னா பாத்துக்குங்க. மூட்டை மேல எழுதியிருக்கற பேரைப் படிக்கத் தெரியாம, மையோட நிறத்தை வச்சே பதினெட்டு வருஷம் அடுக்கியிருக்கேன். வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு நாங்கதான் அந்த அம்மாகிட்ட சத்தியம் வாங்கினோம், யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு. சொல்லலீங்க. ஒருத்தன் வாசல்ல மைக்கை வச்சுக்கிட்டு மூணு வாரம் கத்தினான். என்னென்ன சொன்னான் தெரியுமா? அப்பவும் அந்த அம்மா வாயைத் திறக்கல.”

பயில்வான் கையை இறுக மூடினார். “அந்தப் பாவி என் கையில கிடைச்சான்னு வைங்க... ஆனா அவன் ஒருத்தனைச் சொல்லி என்ன பிரயோஜனம்? கூட்டத்துல நாங்க நாலு பேரு நின்னோம். ஒருத்தனாவது, அடேய், இது பள்ளிக்கூடம்டான்னு சொன்னோமா? தற்குறின்னு தெரிஞ்சிடுமேன்னு வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம். அவங்க காலி பண்ணிட்டுப் போற அன்னைக்குக் கரும்பலகையைப் போர்வையில சுத்தி நான்தான் தூக்கி வண்டியில வச்சேன். அதைக் கட்டில்னு சொல்லிச் சிரிச்சானாம்.”

வெண்கலம் குச்சியை எடுத்தார். ‘அவர்கள் இப்போது?’ என்று கோணல்மாணலாக எழுதினார்.

“போயிட்டாங்க. போன வருஷம், தங்கச்சி வீட்டுல. சாகற வரைக்கும் சாயங்காலமானா கதவைத் தாழ் போடுவாங்களாம். உக்காருவாங்களாம். மறுபடி எழுந்து போய்த் தாழ் சரியா இருக்கான்னு பாப்பாங்களாம். நான் சாவுக்குப் போனப்ப தங்கச்சி சொல்லி அழுதாங்க.”

வெண்கலம் சிலேட்டைத் துடைத்தார். ‘நா’ என்று எழுதினார். ‘நான்தான்’ என்று எழுத நினைத்த கை அந்த முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. அதற்குள் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு எழுந்து போனார். இதற்குத்தான் எனக்கு அவர்மேல் கோபம். அறியாமல் செய்ததைக்கூட விட்டுவிடலாம், அறிந்த பிறகும் அழித்துவிட்டுப் போனாரே.

ஆனால் அவரை அது விடவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் கால் நின்றுவிடும். கதவு திறந்துதான் இருக்கும், வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்கு மட்டும் படிமேல் அந்த அம்மா நிற்பாள். ஐயா, நீங்க உள்ள வந்து பாத்தீங்களா? சத்தமே போடாமல் கேட்பாள். தன் வீட்டு வாசலிலேயே கையில் பையோடு கால் மணி நேரம் நின்ற நாள் உண்டு. மனைவி உள்ளேயிருந்து, “என்னங்க, விருந்தாளியா நீங்க? வெத்தலைபாக்கு வச்சு அழைக்கணுமா?” என்று கேட்ட பிறகுதான் உள்ளே வந்தார். வீட்டில் பேச்சு நின்று அமைதி விழுந்தால் போதும், அவர் மனம் தானாக எண்ணத் தொடங்கிவிடும். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு வருவதற்குள் எதையாவது கீழே போட்டுச் சத்தம் உண்டாக்குவார். வீட்டில் ஒரு டம்ளர் நசுங்காமல் மிஞ்சவில்லை.

சனிக்கிழமைதான் கொடுமை. குரல் போனால் என்ன, கார்டு இருக்கிறதே! சபை வண்டி அவருடைய குரலோடுதான் இன்னும் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்துச் சபைகள் பிரதி எடுத்து வைத்துக்கொண்டன. செத்துப்போனவர்கள் பேயாக வருவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிறவருடைய பேய் ஒலிபெருக்கியில் வந்து, அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, அவரைவிட நல்ல ஆரோக்கியத்தோடு கத்தியது. அந்த ஏழு எண்ணும் அமைதிகூடப் பதிவில் அப்படியே இருந்தது. தலையணையைக் காதில் அழுத்திக்கொள்வார். அப்போதும் எண்ணுவார்.

“உங்க குரல் போனதும் வீடு அமைதியாயிடும்னு நெனச்சேன்” என்றாள் மனைவி. “சனிக்கிழமையானா தெருவுல கிடந்து கத்துறீங்க. நான் என்ன பாவம் பண்ணேன்?” அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அன்றைக்கு அவர் எல்லாவற்றையும் சிலேட்டில் எழுதினார். எழுதி எழுதி அழித்து, பதினான்கு சிலேட்டுக்கு வந்தது. அவள் நின்றபடியே ஒவ்வொன்றாகப் படித்து முடித்தாள்.

பிறகு வேறு ஒன்றைச் சொன்னாள். “நமக்குத் துணி தைச்சுக் குடுக்குதே அந்தப் பொண்ணு, தனியா இருக்குமே, அது வீட்டுக் கதவுல நேத்து யாரோ தார் பூசிட்டாங்க. ரெண்டு மூணு வாரமா வண்டி அவ வாசலுக்கு நேரேதான் நிக்குதாம். அந்தக் கதவுன்னு உங்க குரல் சொல்லும்போது எல்லாரும் அவ கதவைத்தான் திரும்பிப் பாக்கறாங்களாம். ராவோட ராவா வேற ஊர்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போயிடலாமான்னு என்கிட்ட கேட்டு அழுதா.”

வெண்கலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவர் யோசித்ததே இல்லை. பதிவில் விரல் கிடையாது. வண்டி எங்கே நிற்கிறதோ, அங்கே எதிரில் இருக்கிற கதவுதான் அந்தக் கதவு. குரல் போன இந்த இரண்டு வருடமாக எத்தனை தெரு, எத்தனை கதவு! எந்தெந்த வீட்டில் எவளெவள் எழுந்து போய்த் தாழை இரண்டாம் தடவை பார்த்தாளோ, யார் கண்டது?

மறுநாளே போதகரிடம் போனார். சபை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. போதகர் எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். நல்ல மனுஷன், கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெண்கலம் எழுதினார்: ‘அந்தப் பதிவை நிறுத்துங்கள். அதில் இருப்பது பொய்.’

“அண்ணே, அதைக் கேட்டு எத்தனை பேர் குடியை விட்டிருக்காங்க தெரியுமா?” போதகரின் கண் கலங்கியது. “உங்க தொண்டை போச்சு, ஆனா உங்க ஊழியம் போகல. இது கர்த்தர் செஞ்ச அதிசயம். உடம்பு பலவீனத்துல சத்துரு இப்படித்தான் சந்தேகத்தைப் போடுவான்.” தன் கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல அன்பாக, சிலேட்டில் இருந்ததைத் துடைத்துவிட்டார்.

மறுபடி எழுதினார். மறுபடி துடைத்தார். மூன்றாவது தடவை போதகர் கண்ணை மூடி ஜெபம் செய்ய ஆரம்பித்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்ட மனிதரிடம் சிலேட்டை நீட்டி என்ன செய்வது? வெளியே வந்து ஓட்டுநரிடம் எழுதிக் காட்டினார். ஓட்டுநர் தலையைச் சொறிந்தார். “நான் என்கிட்ட சொன்னதைப் போடற ஆளுண்ணே. கார்டைப் பிடுங்கிக் குடுத்தாலும் போதகர் போன்ல இருக்கு, பத்து சபையில இருக்கு. எதைன்னு அழிப்பீங்க?”

அதுவும் உண்மைதான். வாயிலிருந்து போனது போனதுதான். அழிக்க முடியாது என்று தெரிந்த பிறகுதான் அவருக்கு என்ன செய்வது என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து பரணில் ஏறினார். பழைய மறியல் அட்டைகளுக்கு நடுவில் அது கிடைத்தது. ‘பாவத்தின் வாசலை மூடு’, அவர் கையெழுத்து. திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கறுப்பு வண்ணம் எடுத்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார். மனைவி டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். “எழுத்தைப் பெரிசா போடுங்க” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை வண்டி தையல்காரப் பெண்ணின் வாசலுக்கு எதிரே நின்றது. பாட்டு முடிந்தது, பிரதி கொடுத்தார்கள். கிடங்கு வேலை முடிந்து பேருந்து நிலையத்துக்குப் போகிற கூட்டம் அந்தத் தெரு வழியாகத்தான் போகும். நல்ல கூட்டம். கார்டைப் போட்டார்கள். வெண்கலத் தொண்டை தெருவை நிறைத்தது.

வெண்கலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தார் பூசிய அந்தக் கதவின் படியில் ஏறித் தெருவைப் பார்த்து நின்றார். அட்டை காலோடு சாய்ந்திருந்தது. இந்த மூன்று நிமிடத்துப் பேச்சில் எந்த இடத்தில் இருமல் வரும், எந்த இடத்தில் மூச்சு வாங்கும் என்று அவருக்கு மனப்பாடம். குரல் ஏறியது, ஏறியது, சட்டென்று நின்றது.

ஒன்று. அட்டையைத் தூக்கினார். இரண்டு. மூன்று. நான்கு. முன்வரிசை ஆட்கள் படித்தார்கள், அவர்கள் புருவம் ஏறியது. ஐந்து. ஆறு. ஏழு.

“அதோ!” என்றது அவர் குரல். “அந்தக் கதவு!”

அத்தனை தலையும் திரும்பியது. கதவை மறைத்துக்கொண்டு அவர் நின்றார். இரண்டு வருடத்தில் முதல்தடவையாக அந்த விரல் சரியான ஆளைக் காட்டியது.

போதகர் பாதி ஓட்டமாக வந்தார். “அண்ணே, என்ன இது? இறங்குங்க, சொன்னா கேளுங்க.” வெண்கலம் அசையவில்லை. படித்தவர்கள் படித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பின்னால் நின்றவர்கள், “என்னவாம், என்ன எழுதியிருக்கு?” என்று எட்டிப் பார்த்தார்கள். பதில் இல்லை. இந்த மௌனம் அவருக்குத் தெரியும். கிடங்குத் தெருவில் தலை குனிந்து நின்ற அதே மௌனம். குரல் மறுபடி தொடங்கி முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஓர் அட்டை எம்மாத்திரம்? துளை வழியாக மூச்சு விசில் அடித்தது. வாயைத் திறந்து பார்த்தார். காற்றுதான் வந்தது. பாவம், அந்த நேரத்தில் அவர் அழுதார்.

அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து, ஒரு முரட்டுக் குரல் எழுத்துக் கூட்டியது.

“இ... ந்... த. இந்த. கு... ர... ல். குரல்.”

பயில்வான். கையை உயர்த்தி, விரல் முட்டியால் காற்றில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் அவரையே வேடிக்கை பார்த்தார்கள். “என்னடா இது, இவன் குழந்தை மாதிரி எழுத்துக் கூட்டறான்?” என்று ஒருவன் சிரித்தான். பயில்வானின் காது சிவந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஒலிபெருக்கிக்கு மேலே குரலை ஏற்றினார்.

“இந்தக் குரல் என்... னு... டை... யது. கர்த்தர் எனக்கு ஒன்றும் காட்ட... வில்லை. கடைக்காரர் கண்... ண... டித்தார். நான் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பச்சைக் கதவுக்குள் இருந்தது... இருந்தது... ப... ள்... ளி...”

அதற்கு மேல் அவரால் தட்ட முடியவில்லை. கை அந்தரத்தில் நின்றது. கடைசி வார்த்தையைப் படிக்காமலே சொன்னார்.

“பள்ளிக்கூடம். ஆமாய்யா, பள்ளிக்கூடம்! எழுதப் படிக்கத் தெரியாத தற்குறி நான். எனக்குச் சொல்லிக் குடுத்தது அந்த அம்மாதான்! சட்டைக்குள்ள மறைச்சு எடுத்துட்டுப் போனது நோட்டு! அதைச் சொல்ல வெக்கப்பட்டுத்தான் நாங்க அவங்களைக் கொன்னோம்!”

ஓட்டுநர் யார் சொல்லியும் காத்திராமல் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். தெரு கப்சிப் ஆனது. போதகர் அட்டையைப் பார்த்தபடி நின்றார். கைக்குட்டை அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அது சிலேட்டு இல்லையே, துடைக்க.

பயில்வான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு படியருகே வந்தார். வெண்கலத்தின் முகத்தைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார். மருத்துவமனைப் பெஞ்சு அவர் நினைவுக்கு வருவது கண்ணில் தெரிந்தது. அன்றைக்கு ‘ங்க’ போட்டுப் பேசிய வாய்.

“நீயா?” என்றார்.

வெண்கலம் ஆம் என்று தலையை ஆட்டினார். அடி விழும் என்று காத்திருந்தார், விழட்டும் என்றும் இருந்தது. பயில்வானின் கட்டுப்போட்ட கை மூடித் திறந்தது. பின்னால் அந்தத் தார்க் கதவு ஒரு விரற்கடை திறந்து, தையல்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

தெருவின் கோடியில் யாரோ, “எங்களுக்குத் தெரியலப்பா, என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டார்கள்.

பயில்வான் அட்டையின் கம்பைப் பார்த்தார். அது வெண்கலத்தின் மார்புக்குத் தாழ்ந்திருந்தது.

“தூக்கிப் பிடி” என்றார். “பின்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியல.”